வீட்டுக்குள்ளும் ஒரு குடிமராமத்து

ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் பிறந்ததும் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் தாராபிஷேகம் ஆரம்பித்துவிடும். லிங்கத் திருமேனிக்கு மேலே தாரா பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் அடித்துளை வழியே வாசனைத் திரவியம் கலந்த நீர் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்வார்கள். கத்திரி முடியும் வரை இது தொடரும். நெருப்பே வடிவான சுவாமிக்குக் கோடையை முன்னிட்டு ஒரு ஏற்பாடு, நாள் தவறாது. கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய், "உங்க கேஸ் டியூப் எந்த வருஷம் வாங்கினது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். மொட்டைமாடித் தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்றால், "போன தீபத்துக்கு முன்னாடி" என்று ஒருவர் சொல்ல, "இல்ல, அதுக்கும் முந்தின தீபம்" என்று இன்னொருவர் திருத்துவார்.

நம்மவர்கள் வீட்டைக் கவனிக்காதவர்கள் இல்லை. போகிக்குப் பழையதைக் கழிக்கிறோம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம், பௌர்ணமிக்கு உறவுக்காரர்கள் கிரிவலம் வருகிறார்கள் என்றால் வாசல் வரை கழுவிவிடுகிறோம். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சுவரோடும் தரையோடும் முடிந்துவிடுகிறது. சுவருக்குள் ஓடும் குழாய், மண்ணுக்குள் இருக்கும் சம்ப், சிலிண்டருக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் டியூப், குளியலறை மூலையில் தொங்கும் ஹீட்டர் இவையெல்லாம் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" கணக்கில்தான் இருக்கின்றன. பழுதானால் பிளம்பரைத் தேடுவோம். அவரோ அந்த வாரம் சித்ரா பௌர்ணமிக்காக விடுதி விடுதியாக ஓடிக்கொண்டிருப்பார்.

இதே மண்ணில் வேறு ஒரு வழக்கமும் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும், மழைக்கு முன்பாக, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வண்டல் எடுத்து, கரையைப் பலப்படுத்தி, மதகைச் சரிசெய்வது. குடிமராமத்து என்ற இந்த முறை நலிவடையத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்ற 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஏரி, குளங்களுக்கு நிதி ஒதுக்கி மறுபடி தொடங்கியது. அந்த முறையின் சூட்சுமம், உடைந்த பிறகு ஓடாமல், உடைவதற்கு முன்பே நாள் குறித்துக்கொண்டதில் இருக்கிறது. ஏரி விஷயத்தில் ஊருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, வீட்டுத் தொட்டி விஷயத்தில் நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

நாள் குறிக்க நமக்கு வாகானது மாசிக் கடைசி, பங்குனி முதல் பாதி. பனி போயிருக்கும்; வெயில் இன்னும் முகத்தில் அறைந்திருக்காது. குளிர் நாடுகளில் இதே பருவத்தில்தான் வீட்டைச் சூடேற்றும் பாய்லர்களை அணைத்து, குழாய்களைச் சரிபார்க்கிறார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குளிர்கால மாதங்களைக் கழிக்க வரும் வெளிநாட்டினர் மார்ச்சில் மூட்டை கட்டுவார்கள். ஊருக்குப் போய் அவர்கள் அங்குள்ள வீட்டைத் திறப்பார்கள். இங்கே அவர்கள் இருந்த வீடு பூட்டப்படும். பூட்டிய வீட்டில் ரெகுலேட்டர் சிலிண்டரிலேயே மாட்டியிருக்கும், ஹீட்டரில் தண்ணீர் நின்றிருக்கும், தரை வடிகால் வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் காய்ந்து, அந்த வழியாகச் சாக்கடை நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறிவரும். அக்டோபரில் கதவைத் திறக்கும்போது முதலில் வரவேற்பது அந்த நாற்றம்தான். மாதம் ஒரு தரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்.

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர், அங்குள்ள கேஸ் அடுப்பையும் பாய்லரையும் ஆண்டுக்கு ஒரு முறை பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்து, அதன் சான்றைக் குடியிருப்பவரிடம் 28 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நம் நாட்டில் எண்ணெய் நிறுவனங்களின் கட்டாய ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. அதுவும் ஏஜென்சி ஆள் வந்து கதவைத் தட்டும்போது, "இப்ப வேணாம்பா, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நாம்தான்.

முதலில் ஹீட்டர். மார்கழி, தை விடியலில் மலைக்காற்று இறங்கும் இந்த ஊரில் வெந்நீர் ஆடம்பரம் இல்லை. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கருங்கல் பாறைக்குக் கீழே ஆழத்திலிருந்து போர்வெல் இழுத்துவரும் தண்ணீர் பல தெருக்களில் உப்புத் தண்ணீர். குளிர்காலம் முடிந்து ஒரு ஹீட்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடித்தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் முதலில் சுண்ணாம்புப் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வாளியில் கொட்டும். பிறகு காயில் வெளியே வரும். செம்பு நிறம் எங்கும் தெரியாது. விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொறுக்கு. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். காயில் அரிக்காமலிருக்க அதன் பக்கத்தில் தன்னைத் தின்னக் கொடுக்கும் மெக்னீசியம் ராடு, ஒரு கம்பி மட்டும் மிச்சமாக நிற்கும். இந்த நிலையிலும் ஹீட்டர் வேலை செய்திருக்கிறது. அதனால்தான் யாரும் கழற்றவில்லை.

2 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்; அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. காயிலைப் பொறுக்கு மூடியிருந்தால் அதே சூட்டுக்கு இன்னும் கூடுதல் நேரம் ஓட வேண்டும். காசு போனால் போகிறது என்று விட்டாலும், சூடு வெளியேற வழியில்லாத காயில் ஒரு நாள் வெடித்து, மின்சாரம் தண்ணீரில் இறங்குமே, அதை விட முடியாது. பங்குனியில் காயிலைச் சுத்தம் செய்து, ராடை மாற்றி, தண்ணீரை வடித்து, சுவிட்சை அணைத்து வைத்துவிட்டால் கார்த்திகை வரை கவலையில்லை. கூடவே மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை ஒரு தரம் அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பெட்டிக்குள் இருக்கும் பொம்மை.

மின்கட்டணத்துக்குப் பயந்து கேஸ் ஹீட்டர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். காற்று புகாத குளியலறைக்குள் அதை மாட்டுவது தற்கொலைக்குச் சமம். எரிவாயு அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து இறந்த செய்தியை வடமாநிலங்களிலிருந்து குளிர்காலம்தோறும் படிக்கிறோம். கேஸ் ஹீட்டரின் இடம் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில். இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

சமையலறைக்கு வருவோம். கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள், கிரிவலத்துக்கு வருபவர்கள் வருவார்கள், அடுப்பு நாள் முழுக்க எரியும். டியூப் ஒன்றும் சாகாவரம் பெற்றதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பே ஐந்து ஆண்டுதான். அதன் மேலேயே வருடம் அச்சிட்டிருக்கும். வெயில் காலத்தில் ரப்பர் இறுகி, பர்னர் பக்கத்து முனையில் மயிரிழை வெடிப்பு விடும். எலி கடிக்கும். டியூப்புக்குத் துணியால் உறை தைத்துப் போடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அன்பு புரிகிறது. ஆனால் வெடிப்பும் கடித்த தடமும் அந்த உறைக்குள்ளேதான் மறைந்திருக்கும்.

சிலிண்டரிலும் ஒரு தேதி உண்டு. மேல் வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம், ஆண்டு. அந்தச் சிலிண்டருக்கு அடுத்த சோதனை எப்போது என்பதற்கான குறிப்பு அது. கெடு கடந்திருந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுக்கலாம்; வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டெலிவரி தம்பி அவசரத்தில் இருப்பார். இருக்கட்டும், அந்தப் பட்டையைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. முடிந்தால் சீலை உடைத்து, வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷரையும் அவர் எதிரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். கசிவைப் பார்க்கச் சோப்பு நுரையைத் தடவ வேண்டும்; தீக்குச்சியைக் கிழிக்கும் வீர விளையாட்டு வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிட எடை கூடியது, தரையோடு படியும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். வாசனை வந்த நேரத்தில் லைட் சுவிட்சைப் போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது.

இனி தண்ணீர். சொல்ல வேண்டியது அதிகம் இங்கேதான்.

1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடித்த சாத்தனூர் அணையிலிருந்து இந்த நகருக்குக் குடிநீர் வருகிறது. அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டதும், அதே மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போனதும் இந்த ஊர் மறக்க முடியாதவை. அப்படி மழை கொட்டிய வருடத்துக்கும் பின்னால் ஒரு கோடை வரும். குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நீளும். அந்த நாட்களில் நம்மிடம் இருப்பது சம்ப்பும் மேல்தொட்டியும்தான்.

தொட்டியைக் கழுவுவதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே தண்ணீரைத் திறந்துவிட்டு அடியில் தேங்கிய செம்மண்ணை அள்ளுவது பாதி வேலை. உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூடி கிளிப் உடைந்திருந்தால் கம்பி போட்டுக் கட்டுங்கள். மலையடிவாரத் தெருக்களில் குரங்குகள் அந்த மூடியை நம்மைவிட நன்றாகத் திறக்கும்.

சம்ப் அப்படியில்லை, அது ஆளைக் கொல்லும். நாள் கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் பிராணவாயு குறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டிதானே, மலக்குழி இல்லையே என்று இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாவது ஆளும் போவது தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. புதிதாகக் கட்டிய சம்ப்பில் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். மூடியை முதல் நாளே திறந்து வைத்து, மின்விசிறியால் உள்ளே காற்று செலுத்தி, வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்கும்போதுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது மின்மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் இறைக்கக் கூடாது. ஒயரில் ஒரு கீறல் இருந்தால் போதும்.

கழிவுத் தொட்டிக்கு ஆளை இறக்குவதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் பௌர்ணமிக்கு முந்தின நாள் விடுதியின் தொட்டி நிரம்பி வழியும்போது, "ஒரு ஆளைக் கூப்பிடுங்க, இறங்கி எடுத்துடுவான்" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அந்த "ஒரு ஆள்" யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். உரிமம் பெற்ற லாரியை அழைக்க 14420 என்ற எண் இருக்கிறது.

இத்தனையும் யார் செலவு? வாடகை வீடுகள் நிறைந்த ஊரில் எல்லாப் பராமரிப்பும் கடைசியில் முட்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான். "வீட்டுக்காரம்மா பார்த்துப்பாங்க" என்று குடியிருப்பவர். "குடியிருக்கிறவங்கதானே உபயோகப்படுத்துறாங்க" என்று வீட்டுக்காரம்மா. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதைப் பட்டியல் போட்டே பிரித்துவிட்டது. குழாய்ப் பாதையை மாற்றுவதும் மின் ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், வடிகால் அடைப்பு, கழிப்பறைப் பழுது, கீசர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை. எனக்கு இந்தப் பிரிவினையில் முழு உடன்பாடு இல்லை. பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர் எதற்காக ஹீட்டர் காயிலில் பணம் போடுவார்? ஆண்டுப் பராமரிப்பை உரிமையாளர் செய்வதுதான் நியாயம். முன்பணத்தைக் கையில் வைத்திருப்பவர் அவர்தானே. ஆனால் சட்டம் இருக்கிறபடியே எடுத்துக்கொண்டாலும், ஒப்பந்தத்தில் "ஆண்டுதோறும் பங்குனியில் தொட்டி, ஹீட்டர், டியூப் ஆய்வு, செலவு இன்னாருடையது" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது.

சில்லறைக் கசிவுகளை யாரும் மதிப்பதில்லை. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் விடும். மாதத்துக்கு 130 லிட்டர், பத்துக் குடம். இரண்டு ரூபாய் வாஷர் விஷயம். ஃப்ளஷ் தொட்டிக் கசிவு இன்னும் மோசம், சத்தமே வராது. அதைப் பிடிக்கச் சுலப வழி உண்டு: வாசலில் போடும் கோலக் கலர்ப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து ஃப்ளஷ் தொட்டியில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் யாரும் உபயோகிக்காமல் பாருங்கள். பேசினில் கலர் இறங்கினால் வால்வு போய்விட்டது. மொட்டைமாடியில் வெயிலில் நேராகக் கிடக்கும் பிவிசி பைப்புக்கு ஒரு கை பெயின்ட் அடித்தாலே ஆயுள் கூடும். மழைநீர்க் குழாயின் கீழ்முனையையும் அப்போதே பார்த்துவிடலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகப் போட்ட தொட்டிகளில் பல, ஜல்லியும் மணலும் மாற்றப்படாமல் இன்று வெறும் குழி.

நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் 14 கிலோமீட்டர் நடக்க வரும் ஊர் இது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீடுகளும் விடுதிகளாகின்றன. முன்பின் தெரியாத ஒருவர் அந்த அறையின் ஹீட்டர் சுவிட்சை நம்பிப் போடுகிறார். ஆகவே தங்கும் விடுதி, வாடகை அறைகளின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது ஹீட்டர், கேஸ், தொட்டி மூன்றுக்கும் ஆய்வுச் சான்று கேட்க வேண்டும். ஆய்வு செய்ய ஆள் எங்கே என்பார்கள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு உணவு டெலிவரி பைக் ஓட்டும் பையன்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அடையாள அட்டையும் நிர்ணயித்த கூலியும் கொடுத்து, பங்குனியில் வார்டு வார்டாக அனுப்புங்கள். கேஸ் ஏஜென்சிகளும் ஐந்தாண்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டிராமல் அதே மாதத்தில் தங்கள் ஆளையும் சேர்த்து அனுப்பட்டும்.

மாநகராட்சி இதையெல்லாம் செய்யும் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை டியூப்பின் வருடத்தையும் சிலிண்டரின் எழுத்தையும் பார்த்துவிடுங்கள். கெடு முடிந்திருந்தால் திங்கட்கிழமையே மாற்றுங்கள். கேஸ் வாசனை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.